மச்சினன் கழுவ வேண்டிய கால்

நிலக்கோட்டை
12-11-58

சிரஞ்சீவி சுருளிவேலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் போன வாரம் கன்று ஈன்ற செவலைப் பசுவும் சுகம், உன் கால் ஒன்றுதான் சுகமில்லை என்று உன் கடிதத்தில் தெரிந்துகொண்டோம். உள்ளங்கால் வெள்ளையாக ஊறி, ஊசியால் குத்தினதுபோலக் குழி குழியாக இருக்கிறது, நாற்றம் தாங்காமல் பட்டாளத்தில் பக்கத்துக் கட்டில்காரன் இடம் மாறிவிட்டான், இது குஷ்டமாக இருக்குமோ, மணவறையில் மச்சினன் கருப்பணன் என் காலைக் கழுவும்போது ஊரே பார்த்துவிடும், தை மாதக் கல்யாணத்தை நிறுத்திவிடுங்கள் என்று எழுதிவிட்டாய். படித்துவிட்டு அன்று நான் உலையே வைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கருப்பணன் மல்லிகைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு ஈரக்காலோடு வந்து நின்றான். எனக்கு அண்ணன் மகன், கல்யாணப் பெண் அய்யம்மாளுக்கும் அண்ணன், அவனிடம் எப்படி மறைப்பது, அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அவன் "இம்புட்டுத்தானா அத்தை, இங்க பாருங்க" என்று தன் காலைத் தூக்கிக் காட்டினான். அதே வெள்ளை, அதே குழி, அதே நாற்றம்! மழை மாதத்தில் எப்போதும் வருவதுதானே என்று அவன்பாட்டுக்கு இருந்திருக்கிறான். எனக்கு அப்போதும் மனசு ஆறவில்லை, மறுநாளே அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, குஷ்டம் இல்லவே இல்லை, வேர்வையிலும் ஈரத்திலும் ஊறின தோலைத் தின்கிற கிருமி இது, காலைக் காயவைத்தாலே பாதி போய்விடும் என்று சொல்லி ஒரு களிம்பும் கொடுத்தார்கள். இப்போது அவன் கால் நன்றாகத் தேறி வருகிறது. யாரும் பார்க்கக் கூடாதென்று பூட்ஸுக்குள் போடுகிற மேஜோட்டை நீ ராத்திரியும் கழற்றாமல் படுப்பதாக எழுதியிருந்ததைச் சொன்னேன், டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார்கள். அட கிறுக்குப் பயலே, நீ மறைக்க மறைக்கத்தான் அது வளர்ந்திருக்கிறது. கூச்சப்படாமல் பட்டாளத்து டாக்டரிடம் காட்டு, காலைக் கழுவித் துடைத்துக் காற்றாட விடு, பூட்ஸை வெயிலில் வை, மேஜோட்டைத் தினமும் துவைத்துப் போடு.

அய்யம்மாளுக்கும் தெரியும், கருப்பணனே சொல்லிவிட்டான். "எங்கண்ணன் காலோட இம்புட்டு நாளு ஒரே வீட்டுல இருந்துட்டேன், இவரு காலு என்னைய என்ன செஞ்சிரப் போகுது" என்று சிரித்தாளாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கல்யாணம் நிற்காது அப்பு.

பழனியாண்டவர் உன்னைக் குறையில்லாமல் வைப்பார். டாக்டரிடம் காட்டிவிட்டு மறக்காமல் பதில் போடு. தைக்குள் யார் கால் முதலில் ஆறுகிறது என்று கருப்பணன் உன்னிடம் பந்தயம் கட்டச் சொன்னான், மணவறையில் கழுவும்போது பார்த்துக்கொள்வானாம். ஏலே, தோற்றுவிடாதே.

உன் வெறுங்கால் நம் வாசலில் படக் காத்திருக்கும்
அம்மா மூக்காயி