மேரு ரவுட்டரும் என் மாமியாரும்

7 ஜூலை 2025, திங்கள்

அத்தை இன்று என் மசாலா டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கிவைத்திருந்தார். சீரகம் என்று நினைத்து ஓமத்தைப் போட்டுத் தாளித்தேன். என் கணவர் வாசு தட்டைக் காலி செய்துவிட்டு மோர் கேட்டார். தாயாருக்கும் மனைவிக்கும் நடுவில் உட்காரும் ஆண்களுக்கு நாக்கே கிடையாது.

அத்தை மாரியாயி, வாசுவின் தாயார். சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நிலையம் பிரிக்பீல்ட்ஸில், எங்கள் பிளாட்டுக்குப் பக்கத்தில்; எனக்கும் அங்கேதான் நெட்வொர்க் வேலை. அதனால் ஒரு மணி நேரத் தொலைவில், மேருவில் இருக்கும் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு இருக்கிறார். வரும் 21ஆம் தேதி மேருவிலேயே எங்கள் புதுக் கிளை திறக்கிறது. திறந்தால் அவர் வீட்டுக்குப் போகலாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் இருவருக்கும் முழு ஒற்றுமை.

"ரெடியா?" என்று தினமும் கேட்கிறார்.

"ஆயிரும் அத்தை."

"உன் கொழம்பு மாதிரி ஆயிரப் போவுது, பாத்துக்கோ."

9 ஜூலை

மேரு போனேன். ஒவ்வொரு நாற்காலிக்கும் பக்கத்தில் ஒரு டேப்லட். நோயாளியின் எடை, மருந்து எல்லாம் அதில் வர வேண்டும். வராவிட்டால் நர்ஸ் ஊசியைத் தொடமாட்டார். ஒன்றில்கூட வரவில்லை.

எதிர்பார்த்ததுதான். புதிதாக உயிர் பெறும் டேப்லட்டுக்கு நெட்வொர்க்கில் முகவரி கிடையாது. "யாராவது எனக்கொரு முகவரி கொடுங்களேன்" என்று சுற்றுவட்டாரத்துக்கே கேட்கும்படி கத்தும். கொடுக்க வேண்டிய சர்வர் இருப்பதோ பிரிக்பீல்ட்ஸில். மேருவின் ரவுட்டர் எந்தக் கத்தலையும் வாசலுக்கு வெளியே விடாது. இந்தக் கத்தல் கேட்டால் வாங்கி இன்ன சர்வரிடம் சேர்த்துவிடு என்று நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். டிஎச்சிபி ரிலே என்பது அவ்வளவுதான். ஒரு வரிக் கட்டளை. அடித்துவிட்டு, ஜெயித்தவள் மாதிரி நுரை பொங்கும் தே தாரிக் டீ குடித்தேன்.

10 ஜூலை

வேலை செய்யவில்லை.

11 ஜூலை

சர்வரைப் பார்த்துக்கொள்பவர் தியாகராசா அண்ணன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். பிழை அவர் பக்கம்தான், பாவம், மகள் கல்யாணக் கவலை என்று கேண்டீன் முழுக்கச் சொல்லிவைத்தேன். அவருக்கு இரண்டும் பையன்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

மதியம் அவரே வந்தார். "தங்கச்சி, மேருவில இருந்து என்ர சேர்வருக்கு ஒரு சத்தமும் வரேல்ல. வராத கேள்விக்கு நான் என்னெண்டு பதில் சொல்லுறது?"

14 ஜூலை

வெள்ளிக்குள் சரியாகாவிட்டால் திறப்பு தீபாவளிக்குப் பிறகுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தால் அத்தை பெட்டி கட்டி வாசலோரம் வைத்திருக்கிறார். மேலே துண்டில் சுற்றிய சாமி படம். ஐயோ, இந்தப் பொம்பளகிட்ட நான் என்னத்தச் சொல்வேன்? நேரா குளிக்கப் போயிட்டேன்.

16 ஜூலை

மறுபடி மேரு போய்க் கண்டுபிடித்தேன். அண்ணன் சொன்னது உண்மை.

ரவுட்டருக்கு இரண்டு பக்கம். ஒன்று நாற்காலிகள் இருக்கும் அறையைப் பார்க்கிறது. மற்றது பிரிக்பீல்ட்ஸ் லைனை. அறைப் பக்கம் போட வேண்டிய கட்டளையை லைன் பக்கம் போட்டிருக்கிறேன். அங்கே கத்துவதற்கு ஒரு ஜீவன் கிடையாது. ஊர்வம்பு கேட்க எந்தச் சுவரில் காதை வைக்க வேண்டும் என்று தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை.

போன் செய்தேன். "என் பிழைதான் அண்ணே."

"சந்தோசம். கேண்டீனிலயும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. மகளின்ர கலியாணத்துக்கும் கட்டாயம் வாங்கோ."

கட்டளையை மாற்றிவிட்டு, லைனில் போவதையெல்லாம் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ முறை செய்த வேலை, உட்கார்ந்து பார்த்ததில்லை. டேப்லட் கத்துகிறது. அனுப்புநர் இடத்தில் வெறும் பூஜ்யங்கள் — தான் யாரென்றே அதற்குத் தெரியாது! ரவுட்டர் வாங்குகிறது. கேட்டதை மாற்றவில்லை, இன்ன அறையிலிருந்து வருகிறது என்று தன் முகவரியை மட்டும் குறித்து, நேரே உரியவரிடம் அனுப்புகிறது. சர்வர் அந்தக் குறிப்பைப் பார்த்து, மேருவுக்கென்று ஒதுக்கிய முகவரிகளில் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறது. பதில் அதே வாசலுக்கு வருகிறது. நெரிசலில் நான் ஊர்ந்து ஊர்ந்து வந்த தூரத்தை, போய்த் திரும்பி, இமைப்பதற்குள் கடந்துவிட்டது.

பெயரில்லாத ஒன்று கத்தினால், அதைக் கேட்டுக் கூட்டிப்போக வாசலில் ஒருவர் நிற்க வேண்டும் என்று யோசித்தவர் யாரோ! நானாக இருந்தால், ஒரு செய்தியை மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அதில் ஒரு கர்ப்பமும் ஒரு விவாகரத்தும் ஏறியிருக்கும்.

ஒவ்வொரு டேப்லட்டாகக் கண் திறந்தது. வாயைப் பிளந்துகொண்டு கடைசி நாற்காலி வரை பார்த்தேன்.

21 ஜூலை

திறந்தாயிற்று. அத்தை உட்கார்ந்ததும் டேப்லட்டில் அவர் பெயர் வந்தது.

"என் பேரு இதுக்கு எப்படித் தெரியும்?"

நர்ஸ் என்னைக் காட்டினார்.

"இவளா? இவ சொன்னா பாதி பொய்யாத்தான் இருக்கும். எடைய நல்லா பாத்துக்கம்மா."

ஆனால் ஊசி ஏறும்போது கண்ணை மூடவில்லை. கருவறைத் திரை விலகியதும் பார்ப்பது போல அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

27 ஜூலை, ஞாயிறு

அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். எங்கள் பிளாட்டின் சாவி இன்னும் அவரிடம். கேட்டேன்.

"ஏன், வேற யாருக்காச்சும் குடுக்கணுமா?"

"இல்லத்தே."

"அப்ப இருக்கட்டும் லா."

கிளம்பும்போது அவர் வீட்டுச் சாவி ஒன்றை என் கையில் திணித்தார். "போன் பண்ணிட்டெல்லாம் வராத."