கடல் விட்டுவைத்த ராத்தாவுக்கு

ராத்தா,

இன்று உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூச்சு முட்டல். அவசர சிகிச்சைப் பிரிவின் கதவைத் திறந்ததும் ஸ்பிரிட்டும் ஈரத்துணியும் கலந்த அந்த வாசம் முகத்தில் அடித்தது. யுத்தம் முடிந்து அக்கரைப்பற்று வீதியில் சோதனைத் தடைகளைக்கூட எடுத்துவிட்டார்கள். அந்த வாசம் மட்டும் மாறவில்லை. எனக்கு வந்தது பயமில்லை, ஆத்திரம்.

கடல் ஊருக்குள் வந்த அன்று உங்களையும் அந்தக் கதவால்தான் கொண்டுபோனோம். தென்னையைக் கட்டிப்பிடித்துத் தப்பியிருந்தீர்கள். கூரைத் தகரம் காலைக் கிழித்திருந்தது. "உசிரு தப்பிட்டுதுதானே, நீ ஏன்டி அழுறாய்?" என்று தங்கச்சி என்னைத்தான் தேற்றினீர்கள்.

டொக்டரிடம் சொன்னேன்: "ராத்தாக்கு பென்சிலின் ஊசி சரிவராது. சின்னதுல ஒருக்காப் போட்டு மூச்சே நிண்டுபோகப் பாத்திச்சு."

"ஓம், விளங்கிச்சு" என்றார்.

பிறகு வலிக்கு ஏதோ கொடுத்தார்கள்; உங்கள் கண் சொருகியது. காயத்தைக் கட்டி மேல்மாடி வார்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பியதென்றால், ஒருவர் ட்ரொலியைத் தள்ளிவந்து வார்டுக்குள் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். யார் இவர், என்ன நடந்தது, எதைக் கொடுக்கக்கூடாது? ஒரு வார்த்தை இல்லை.

வாசலில் மறித்த தாதியிடம், உங்களுக்கு ஆகாத மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று கத்தினேன். "அதெல்லாம் கீழ இருந்து சொல்லித்தான் அனுப்புவாங்க. கரச்சல் தராதீங்க" என்று கதவைச் சாத்தினார். மேலே தெரியும் என்று கீழே இருந்தவர்கள் நினைத்தார்கள். கீழே சொல்லியிருப்பார்கள் என்று மேலே நினைத்தார்கள். அந்த ஊசியைப் போட்டுவிட்டார்கள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது நீங்கள் மௌத்து, உயிர் போய்விட்டது.

கேட்கப் போனேன், ராத்தா. பெரிய டொக்டர் சொன்னார்: "ஊரே அழிஞ்சு கிடக்கு, நீங்க ஒரு ஊசியப் பத்திக் கதைக்கிறீங்க. அல்லாஹ்ட நாட்டம் எண்டு பொறுத்துக்கொள்ளுங்க."

"அல்லாஹ்ட நாட்டத்த நான் ஏத்துக்கிட்டன். உங்கட பிழைய ஏன் அவன்ட நாட்டம் எண்டு சொல்றீங்க?" என்றேன்.

உங்கள் பெயரைச் சுனாமியில் இறந்தவர்களோடு சேர்த்து எழுதினார்கள். பொய். கடல் உங்களை விட்டுவிட்டது.

இன்று மூச்சு தணிந்ததும் உம்மாவை மேலே அனுப்ப ட்ரொலி வந்தது. அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "கீழ பாத்த மிஸ் கூட வந்து மேல உள்ள மிஸ்ஸுக்கு வாயால சொல்லணும்."

"இஞ்ச அப்பிடி வழக்கமில்ல, தங்கச்சி" என்றார் கீழே பார்த்த தாதி.

"இண்டைக்குத் தொடங்குங்க."

முறைத்துக்கொண்டுதான் வந்தார். உம்மாவின் சீனி வருத்தம், கொடுத்த மருந்து எல்லாவற்றையும் சொன்னார். வார்டுத் தாதி நிமிர்ந்து பார்த்தார். "அத குடுத்தாச்சா? நல்ல காலம் சொன்னீங்க. நான் திரும்பவும் குடுக்கப் பாத்தன்."

உம்மா தூங்குகிறார். பக்கத்தில் இருந்துதான் எழுதுகிறேன். அவர்கள் இருவரும் கதைத்தது ஒரு நிமிடம்கூட வராது, ராத்தா. ஆயிரம் காரணம் சொன்னவர்கள் உங்களுக்குத் தராமல் விட்டது அந்த ஒரு நிமிடத்தைத்தான். பொறுத்துக்கொள் என்று இன்னும் சொல்கிறார்கள். இந்தக் கோபத்தை நான் ஆறவிடமாட்டேன். இன்று உம்மாவைக் காப்பாற்றியது அதுதான்.