போஸ்டர் ராஜுவுக்கு நான் எழுதிய மூன்று வரி

என் செல்ல மாப்பிள்ளை ராஜுவுக்கு,

நீ போய் இன்றோடு இருபத்தாறு நாள். வருகிற வியாழக்கிழமை முப்பதாம் நாள் பூசை. இதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். நாலு பேர் முன்னால்தான் உன்னைச் சிறுமைப்படுத்தினேன், அதனால் நாலு பேர் படிக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. ஸ்டெல்லா சாப்பிடுகிறாள். ஆனால் அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிறாள், உட்கார மாட்டேன் என்கிறாள். உன் கடையை, டைப் அடிக்கிற சுமதிதான் திறக்கிறாள். மந்தைவெளியில் மெட்ரோ வேலைக்கு அடித்த தகரத் தடுப்பு இன்னும் அப்படியே நிற்கிறது. போஸ்டர் ஒட்ட அதைப்போல வசதியான இடம் கிடையாது என்று சந்தோஷப்படுவாயே, உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அதில்தான் இருக்கிறது. பாதி கிழிந்துவிட்டது. மீதியும் சீக்கிரம் கிழியட்டும் என்று தினமும் பார்த்துக்கொண்டு போகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். என் தங்கை ஸ்டெல்லாவின் புருஷன் நீ. மந்தைவெளிச் சந்து ஒன்றில் டிடிபி கடை வைத்திருந்தாய். சர்ச்சில் பிள்ளைகளின் புதுநன்மைக்கு வாழ்த்து, காதுகுத்துக்கு பேனர், சாவுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் உன் கடையில்தான். மற்ற கடைகளில் ஒரே பாட்டைப் பேர் மட்டும் மாற்றி எல்லாருக்கும் போடுவார்கள். நீ ஒவ்வொருவருக்கும் புதிதாக நாலு வரி எழுதுவாய். அதனால் உனக்கு போஸ்டர் ராஜு என்றே பேர்.

எழுதுவதற்கு முன்னால் வந்தவர்களை உட்கார வைத்து டீ சொல்வாய். "அவரு உங்கள எப்படிக் கூப்புடுவாரு?" என்று கேட்பாய். அதுவரை போட்டோ, சைஸ், எத்தனை காப்பி என்று விறைப்பாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அந்த ஒரு கேள்வியில் உடைந்து அழுவார்கள். அழுது முடிக்கும்வரை நீ கம்ப்யூட்டர் பக்கம் திரும்ப மாட்டாய்.

தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் இறந்தபோது நீ எழுதினாயே:

யார் வீட்டுச் சட்டை எதுன்னு
கேக்காமலே தெரிஞ்சவரே,
இன்னிக்கு எல்லார் சட்டையும்
கசங்கித்தான் இருக்கு.

அந்த போஸ்டர் முன்னால் ஆபீஸ் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி நின்றதை நானே பார்த்தேன். ஒருவர் தன் சட்டைக் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இஸ்திரிக்காரரின் பெண்டாட்டி, இப்போது வண்டியைப் பார்த்துக்கொள்ளும் முனியம்மா, அந்த நாலு வரியை மட்டும் வெட்டி, இஸ்திரி வண்டியின் தகரத்தில் உள்பக்கமாக ஒட்டிவைத்திருக்கிறார். என் இரண்டு கவிதைத் தொகுப்பும் கட்டிலுக்கு அடியில், கட்டுப் பிரிக்காமல் இருக்கின்றன. எனக்கு உன்மேல் பொறாமை, மாப்ளே. அதற்கு ரசனை என்று பேர் வைத்துக்கொண்டேன்.

ஆழ்வார்பேட்டையில் என் இரண்டாவது தொகுப்பு வெளியீடு. அழைப்பிதழும் பேனரும் நீதான் செய்தாய். நாற்காலிகூட நீதான் போட்டாய். கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து, "மச்சான், நானும் உங்களுக்கு ஒண்ணு எழுதினு வந்தேன், படிக்கட்டா?" என்றாய். பக்கத்தில் என் கவிஞர் நண்பர்கள். நான் என்ன சொன்னேன்? "மாப்ளே, நீ எழுதுறது கவிதை இல்ல, அறிவிப்பு. அத சுவத்துல ஒட்டு." எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டு, நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டாய்.

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தாய்? வீடு முழுக்கத் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை.

மாரடைப்பு, நீ போய்விட்டாய் என்று டாக்டர் சொன்ன அன்று காலை ஸ்டெல்லா அழுதுகொண்டே என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அண்ணா, அவருக்கு நாலு வரி நீ எழுதிக் குடு." ஊருக்கெல்லாம் எழுதினவனுக்கு எழுத வேறு ஆள் யார் இருந்தார்கள்? உன் கடையிலேயே, உன் நாற்காலியிலேயே உட்கார்ந்து எழுதினேன்:

காலத்தின் நீர்ம விளிம்பில்
உறையும் அச்சின் மௌனம்
வெறுமையின் மையாய்ப் பரவுகிறது.

சுமதி அதை இரண்டு முறை படித்தாள். பத்து வருஷமாக உன் கடையில் டைப் அடிக்கிறவள் அல்லவா. "சார், இதுல ராஜு அண்ணன் எங்க இருக்காரு?" என்றாள். "சொன்னத அடிம்மா" என்றேன். அவள் 'போஸ்டர் ராஜு' என்று அடித்திருந்ததை உன் சர்ட்டிபிகேட் பேரான 'அ. ஆரோக்கியராஜ்' என்று மாற்றச் சொன்னேன். கடைப் பேரையும் எடுத்துவிட்டேன், விளம்பரம் மாதிரி இருக்குமாம். கைலியோடு சிரிக்கிற உன் போட்டோவை வேண்டாம் என்று, கல்யாணத்தில் கோட்டு போட்டு எடுத்ததைக் கொடுத்தேன். உனக்கு மரியாதை செய்கிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன். நிஜத்தில், என் கவிஞர் கூட்டத்து ஆட்கள் யாராவது பார்த்தால் எனக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்று பார்த்தேன். நீ செத்துக் கிடக்கும்போதும் எனக்கு என் கவலை.

அடக்கத்துக்குக் கூட்டமே இல்லை, மாப்ளே. பங்குச் சாமியாரே இரண்டு தடவை வாசலைப் பார்த்துவிட்டுத்தான் பூசையை ஆரம்பித்தார். உன்னிடம் போஸ்டர் அடித்த வீடுகளில் வீட்டுக்கு ஒருவர் வந்திருந்தால்கூட மாதா கோயிலில் இடம் போதியிருக்காது. ஜனங்களுக்கு நன்றியே கிடையாது என்று நான் ஸ்டெல்லாவிடம் கோபப்பட்டேன்.

மூன்றாம் நாள், சுமதி சொல்லிக் கேள்விப்பட்டு, முனியம்மா வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் கழற்றிப்போட்டு, உள்ளே வந்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"நாலு தபா அந்தப் பக்கம் போனேன் சார். நின்னு எய்த்துக் கூட்டிப் படிச்சேன். இன்னா எழுதிக்கிதுன்னே பிரியல. கோட்டு போட்ட யாரோ பெரிய மன்சன் பூட்டாருன்னு நெனச்சிகினு போய்ட்டேன். நம்ம ராஜுன்னு தெரிஞ்சிருந்தா ஒரு மாலையாச்சும் வாங்கியாந்து போட்டிருக்க மாட்டேனா?"

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கும்தான் புரியல. அண்ணன் எழுதினதாச்சே, நல்லாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உன் போஸ்டரை அறிவிப்பு என்று கேலி செய்தவன் நான். என் கவிதைக்கு, நீ செத்துப்போனதை அறிவிக்கக்கூட முடியவில்லை. உனக்காக அழ வேண்டியவர்கள் உன் சாவைப் படித்துவிட்டு, யாரோ என்று தாண்டிப் போயிருக்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது, மாப்ளே. இந்த வயதில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இத்தனை வருஷமாக நான் ஏன் அப்படி எழுதினேன் என்று இப்போது யோசிக்கிறேன். புரியாத மாதிரி எழுதிவிட்டால் இது பொய் என்று யாரும் சொல்ல முடியாது. சட்டை கசங்கித்தான் இருக்கிறது என்று எழுதினால், படிக்கிறவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்துவிடுவான். மெய்யா பொய்யா என்று அவனுக்கு உடனே தெரிந்துவிடும். அந்தத் தைரியம் உனக்கு இருந்தது, எனக்கு இல்லை.

முப்பதாம் நாளுக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும். நேற்று சாயங்காலம் ஸ்டெல்லாவை உட்காரச் சொன்னேன். டீ போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை அதிகமாகிவிட்டது. பிறகு உன் கேள்வியைக் கேட்டேன். "அவன் உன்ன எப்படிக் கூப்புடுவான்?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "இத அன்னிக்கே கேட்டிருக்கலாம்ல அண்ணா" என்றாள். தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்சம் கழித்து அவளே சொன்னாள். "பேரச் சொல்லவே மாட்டாரு. காலைல கடைக்குக் கெளம்பறப்ப, 'ஏம்மே, கதவ சாத்திக்கோ'ம்பாரு. அவ்ளோதான்." சொல்லிவிட்டு அழுதாள். இருபத்தாறு நாளில் அவள் உட்கார்ந்து அழுதது நேற்றுதான்.

இன்று காலை எழுதினேன்:

தினமும் கெளம்பும்போது
'ஏம்மே, கதவ சாத்திக்கோ'ன்னு சொல்லுவியே.
அன்னிக்கு நீ சொல்லாமலே போயிட்ட.
கதவு இன்னும் தொறந்துதான் கெடக்கு.

சுமதி ஒரே தடவை படித்தாள். எதுவும் கேட்கவில்லை. பேரை எப்படிப் போடுவது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் 'போஸ்டர் ராஜு' என்று அடித்துவிட்டாள். போட்டோவும் கைலியோடு சிரிக்கிற அதே போட்டோதான். இதை நான் எழுதினேன் என்று அட்டையில் எங்கேயும் இருக்காது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் சிரித்துக்கொண்டே நாற்காலி அடுக்கப் போய்விடுவாய், அதனால் கேட்கவில்லை. ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். முதல் அட்டையை நானே முனியம்மாவிடம் கொண்டுபோவேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கிற வரைக்கும் இஸ்திரி வண்டிப் பக்கத்திலேயே நிற்பேன். புரியலை என்று சொன்னால், அங்கேயே உட்கார்ந்து திரும்ப எழுதுவேன்.

உன் தாளைப் படிக்கவிடாத,
ஸ்டெல்லாவின் அண்ணன்,
உன் மச்சான்