தொட்டி விழ வாய்ப்பிருக்கிறது

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் எல்லோரும் இங்கே சுகம், கட்டிடத்துக்குத்தான் உடம்பு சரியில்லாமல் இருந்தது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நன்றாக இருக்க வேண்டும். ஆபீசில் நீ என்ன சொன்னாலும் மேலதிகாரி நம்புவதில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். நீ ஒவ்வொரு பேச்சையும் "உண்மையைச் சொல்லணும்னா" என்றுதான் ஆரம்பிப்பாய். மற்ற நேரமெல்லாம் என்ன சொல்கிறாய் என்று அந்த மனுஷன் யோசிக்க மாட்டாரா? அதை விட்டுவிடு. இங்கே உன் அப்பாவுக்கும் அதே கதைதான் நடந்தது, நம் தலைக்கு மேலேயே நடந்தது.

மாப்பிள்ளைக்கு வேலை மாற்றலாகி வீடு பார்க்கும்வரை அக்காவும் குழந்தையும் நம்மோடு இருக்கிறார்கள், உன் அறையில். அதற்கு நேர் மேலே மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. போன மாதம் துணி காயப்போடப் போன உன் அப்பா திரும்பி வந்து, "தொட்டியோட அடிப்பக்கம் ஓரிரு இடங்கள்ல விரிசல் இருக்க வாய்ப்பிருக்கு" என்றார். வாழ்நாள் முழுக்க வானிலை ஆபீசில் இருந்தவர், அங்கே எதையும் சொல்லலாம், உறுதியாக மட்டும் சொல்லக் கூடாது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, "பிடிக்கிறதுக்கான சூழல் நிலவுது" என்று சொல்லி என் அப்பாவை வியர்க்க வைத்தவர். குழந்தையின் தொட்டிலைக் கூடத்துக்கு மாற்றிவிட்டு, கட்டிடக் கூட்டத்தில் போய்ச் சொன்னோம். செயலாளர் தரைத்தளத்து மெத்தைக் கடைக்காரர், அவருக்கு ஊரே வைத்த பெயர் கேரண்டி. "நான் கேரண்டி, அந்தத் தொட்டி நம்ம பேரன் காலத்துக்கும் நிக்கும்" என்றார். அவர் கேரண்டி கொடுத்த லிஃப்ட் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே நிற்கிறது, அதுவும் உறுதியாகத்தான் நிற்கிறது. இருந்தாலும் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. பல் டாக்டர் மட்டும், "சார், இருக்கா இல்லையா, ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டார். உன் அப்பா நெடுநேரம் யோசித்து, "இருப்பதற்கான கூறுகள் தென்படுது" என்றார். டீ வந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, வீடே கடலாகிவிட்டது, பயத்தில் எனக்கு உயிரே போய்விட்டது என்றேன். "உங்களுக்கு இந்த வருஷம் இது எத்தனாவது சாவும்மா?" என்று டாக்டர் கேட்டார், கேரண்டி சிரித்துப் புரையேறினார். அந்தப் புரையேற்றத்தோடு கூட்டம் முடிந்தது.

அன்றிலிருந்து உன் அப்பாவின் பேச்சில் நான் முள் எடுக்க ஆரம்பித்தேன். அடுப்படியில் நிறுத்தி, "விரிசல் இருக்குன்னு சொல்லுங்க" என்பேன். "விரிசல் இருக்கு" என்பார், நெற்றியைத் துடைப்பார், நான் திரும்பிய பிறகு மெதுவாக "எனக் கருதப்படுகிறது" என்பார். சின்ன விஷயத்தில் பழகட்டும் என்று சாப்பாட்டிலிருந்து தொடங்கினோம். முதல் நாளே "உப்பு ஜாஸ்தி" என்றார். பயிற்சியை நிறுத்திவிடலாமா என்று எனக்கு இருந்தது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, "விரிசல் இருக்கு. தொட்டி விழும்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். அதே மனுஷர், அதே விரிசல், வார்த்தைதான் குறைவு. அன்று மாலையே தண்ணீரை இறக்கினார்கள். கொத்தனார் ஒரு தட்டு தட்டியதும் அடிப்பாகம் பாதி பெயர்ந்து வந்தது. "நான் அப்பவே சொல்லல? கேரண்டியா விரிசல்தான்" என்று கேரண்டி எல்லோரையும் கண்டித்தார்.

புதுத் தொட்டி கட்டி முடிவதற்குள் உன் அப்பா இந்தக் கட்டிடத்தின் அசரீரி ஆகிவிட்டார். இன்னொரு கிளினிக் திறக்கலாமா என்று பல் டாக்டர் கேட்டதற்கு "வேண்டாம்" என்றார், அவர் திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி தன் பையன் பாஸாவானா என்று கேட்டதற்கு "மாட்டான்" என்றார், அவன் அன்றோடு படிப்பதை நிறுத்திவிட்டான். இவருக்குக் கிளினிக்கையும் தெரியாது, அந்தப் பையனையும் தெரியாது.

இன்று பகலில் புதுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பினார்கள். அப்பா பார்த்துச் சொன்னால்தான் ஆச்சு என்று எல்லோரும் வாசலில் காத்திருந்தார்கள். மேலே போய்த் தடவினார், தட்டினார், காது வைத்துக் கேட்டார். இந்த முறை நிஜமாகவே ஆராய்ந்து பார்த்ததால், பழைய பேச்சே வாயில் வந்துவிட்டது. இறங்கி வந்து, "தொட்டி நல்லா இருக்கும்னு நினைக்கிறேன்" என்றார்.

அவ்வளவுதான். பல் டாக்டர் ஓடிப்போய்த் தன் மாமியாரை நாற்காலியோடு தூக்கி வந்தார். கேரண்டி ஒரு மெத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். அப்பா பதறி, "பெரும்பாலும் பயமில்லை" என்றார், கார்களை எடுத்தார்கள். "அச்சப்படத் தேவை இருக்காது" என்றார், கார்கள் அடுத்த தெருவுக்குப் போயின. இத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் நடத்திய நானும் செருப்பில்லாமல் இறங்கி ஓடிவந்துவிட்டேன். வந்த பிறகுதான் அக்காவும் குழந்தையும் கூட்டத்தில் இல்லை என்று தெரிந்தது. கீழேயிருந்து கத்தினேன். உன் அறை ஜன்னலைத் திறந்து எட்டிப்பார்த்து, "கத்தாதம்மா, இப்பத்தான் தூங்குறான். அப்பாதான் நினைக்கிறேன்னு சொல்லிட்டாரே, இதுக்கு மேல அவரு என்னத்தச் சொல்லுவாரு?" என்றாள். கூடத்திலிருந்த தொட்டிலை மறுபடி அங்கேயே போட்டிருக்கிறாள். அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மாடியேறி வந்துவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை. நீ நினைத்ததெல்லாம் நடந்து, நீண்ட ஆயுளோடு இருக்க எங்கள் ஆசீர்வாதம். உடம்பைப் பார்த்துக்கொள். போனில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாய். நன்றாக இருக்கிற யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஜுரம் என்றால் ஜுரம் என்றே சொல், இந்த வீட்டில் நம்புவதற்கு ஆள் இருக்கிறது.

தொட்டிக்கு நேர் கீழேயிருந்து,
உன் அம்மா