உன் அம்மாவின் இடத்தில் வைத்த முட்பூ

அன்புள்ள ரோலண்டுக்கு,

கோயிலில் உன் அம்மா கடைசிவரை உட்கார்ந்த இடத்தில், கோயிலைப் பெருக்கும் நம் பெர்சி க்ளேடன் காய்ந்த முட்பூ ஒன்றை வைத்துவிட்டான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை முதலில் எழுதினால்தான் எனக்கு மற்றது எழுத வரும். முழங்காலைத் தவிர நான் சுகம். ஹோபார்ட்டில் நீயும் டெல்ஃபினும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், உங்களுக்கு வசந்தம் வந்திருக்கும், இங்கே நாலு மணிக்கே விளக்குப் போடுகிறோம்.

செப்டம்பரில் வழக்கம்போல ஊரின் பழைய வீடுகளையும் கோயிலையும் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டோம், நல்ல கூட்டம். நான் எப்போதும்போல கம்பளி வியாபாரி வீட்டின் முன்கூடத்தில் நின்றேன். அங்கே பழைய நாற்காலிகள்மேல் முட்பூ வைப்பது என் வேலை என்று உனக்குத் தெரியும். உட்காராதீர்கள் என்று பலகை மாட்ட நம் ஆட்களுக்கு மனம் வராது, பூவைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். லீட்ஸிலிருந்து வந்த ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்து துள்ளி எழுந்து, "ஏன் பெரியவரே, வாயால சொல்லக் கூடாதா?" என்றார். "சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான்" என்றேன். அவர் மனைவி சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் போனால் அதே மாதிரி முட்பூ நம் பெஞ்சில், வாத்துகளுக்கு நரி பிரசங்கம் செய்வதுபோல் செதுக்கிய பெஞ்சில்தான், உன் அம்மாவின் பக்கத்தில் ஒன்று, என் பக்கத்தில் ஒன்று. நாற்காலிக்கு அது சரி, மனிதனுக்குச் சரியா? வைத்தவன் எடுக்கட்டும் என்று ஆராதனை முழுவதும் நின்றேன். அடுத்த ஞாயிறும் நின்றேன். எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. பின்வரிசையிலிருந்து யாரோ இருமல் மிட்டாய் நீட்டினார்கள். நான் நிற்பதைப் பார்த்துக் குருவானவர் ஃபிலிப்பா அம்மா பிரசங்கத்தைப் பாதியாகக் குறைத்தார், அதற்காக வாசலில் இரண்டு பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அறுப்பின் பண்டிகை அன்று மூன்றாவது பாட்டுப் பாடும்போது முழங்கால் மடங்கிவிட்டது. நரியின் தலையைப் பிடித்துக்கொண்டதால் கீழே விழவில்லை, காணிக்கைக்கு வைத்திருந்த பூசணிக்காய்கள்தான் உருண்டன. பெர்சி ஓடிவந்து தாங்கினான். கையை உதறிவிட்டு, தேநீர் மேசைக்குப் பக்கத்தில் எல்லோர் முன்னாலும் முட்பூவைப் பற்றிக் கேட்டேன். அவன் காது சிவந்துவிட்டது. "பலகை அடியில உளுத்துப் போச்சு, வில்ஃப். பார்வையாளருங்க போனப்புறம் பெருக்கும்போதுதான் பார்த்தேன். ஒருநாள் உன்னோட சேர்ந்து உடைஞ்சு விழும்" என்றான். அதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்றேன். "மார்ஜரி உக்காந்த எடம். எப்படிடா வாயெடுத்துச் சொல்றது? சொன்னா உனக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான்" என்றான். கேக்கைத் தின்னாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் டார்ச் எடுத்துக்கொண்டு போய் பெஞ்சுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பென்சிலால் குத்தினால் பென்சில் முழுவதும் உள்ளே போகிறது. அவன் சொன்னது உண்மைதான், உனக்கு மட்டும் எழுதுகிறேன். ஆனால் உட்காரும் பலகை மட்டும்தான் போயிருக்கிறது. சாய்மானமும் நரி செதுக்கிய பக்கப்பலகையும் கல்லுப்போல இருக்கின்றன.

இப்போது குருவானவர் அம்மா நரியைக் கழற்றிக் கம்பளி வியாபாரி வீட்டில் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு, அந்த இடத்தில் மடக்கு நாற்காலி போடலாம் என்கிறார். "அங்க வச்சா நிறைய பேர் பார்ப்பாங்க, மிஸ்டர் ஆஷ்" என்றார். "அது பார்க்கறதுக்கு இல்லம்மா, உக்கார்றதுக்கு" என்றேன். அவர் மிகவும் மரியாதையாகத் தலையாட்டினார். நம் ஊரில் அப்படித் தலையாட்டினால் கூட்டம் கூடும் முன்பே முடிவாகிவிட்டது என்று அர்த்தம். கண்ணாடிக்குள் போனால் அதன் பக்கத்தில் முட்பூ வைக்கும் வேலையும் எனக்கே வரும். உன் அம்மா கையுறையைக் கழற்றி வைத்த இடம் அது, நீ பல் முளைக்கும்போது நரியின் காதைக் கடித்த இடம்.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. குருவானவர் அம்மா கூட்டத்தைத் தள்ளிப்போட்டு, பலகை மாற்றத் திருச்சபை மேலிடத்தின் அனுமதி வாங்க வேண்டும். பெர்சி தன் கொட்டகையில் வீணாகக் கிடக்கும் பழைய ஓக் பலகையைத் தர வேண்டும், என் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்து, சொல்ல வேண்டியதை முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நீ அங்கே யார் யார் வீட்டுக்கோ படிக்கட்டும் கதவும் செய்கிறாய், ஈஸ்டருக்கு உளிகளோடு வந்து உன் அம்மாவின் பெஞ்சைச் செய்ய வேண்டும். அளவை இந்தக் கடித உறைக்குள் வைத்திருக்கிறேன், பெர்சி அனுப்பும் அளவை நம்பாதே. டெல்ஃபின் குழந்தைக்கு ஞானஸ்நானத்தை அங்கே கொடுத்துவிடாமல் இங்கே கொண்டுவர வேண்டும். கர்த்தர் உங்கள் மூவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பலகை புதிதானதும் பெர்சி அந்த முட்பூ இரண்டையும் கையுறை போடாமல் எடுக்க வேண்டும்.

அதுவரை நான் நிற்கிறேன்.

உன் அப்பா,
வில்ஃபிரட் ஆஷ்