பன்னிரண்டில் ஒன்று

பாறசாலை
கொல்லம் 1103 கார்த்திகை 9

தாணுவுக்கு,

வாய் மூடி இருந்தது போதும். நானும் உன் அம்மையும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், பம்பாயில் உன் இருமல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன். நான் பார்த்துவைத்த தாலுகா கச்சேரிக் குமாஸ்தா வேலையை உதறிவிட்டு நீ மோட்டார் பட்டறைக்கு ஓடிய நாள் முதல் உனக்கு ஒரு வரி எழுதவில்லை, அந்தக் கோபம் இப்போதும் ஆறவில்லை. ஆனால் இரண்டு வாரமாக உன் அம்மைக்குச் சோறு இறங்கவில்லை, அதற்குக் காரணம் நான்.

உன் மாமா காந்திமதிநாதன் வெள்ளறடைப் பாதையில் பஸ் விட நினைத்ததும், நீ அனுப்பும் சின்ன மாதிரி பஸ்ஸின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் காட்டினால் உன்னையே நடத்த அழைப்பதாகச் சொன்னதும் உனக்குத் தெரியும். உன் பெட்டியில் சக்கரம், அச்சு, விளக்கு எல்லாம் இருந்தன, மேலே வரும் மரக்கூட்டை மட்டும் இங்கே செய்யும்படி நிஜ பஸ்ஸின் அளவுகளோடு படம் வைத்திருந்தாய். ஆசாரி கையில் கொடுத்தால் கெடுத்துவிடுவான் என்று பெட்டியை அலமாரியில் பூட்டிவிட்டு, படத்தை மட்டும் சதாசிவன் ஆசாரியிடம் கொடுத்தேன். எந்தக் கணக்கில் சிறிதாக்க என்று கேட்டான், உங்கள் வழக்கம்போல் செய் என்றேன். தேருக்கும் பல்லக்குக்கும் அவர்கள் சின்ன மாதிரி செய்வது கோலுக்கு ஒரு விரல் கணக்கில், ஒரு கோலுக்கு இருபத்துநான்கு விரல், அதாவது இருபத்துநான்கில் ஒன்று. உன் பெட்டி மூடியிலோ பன்னிரண்டில் ஒன்று என்று அச்சிட்டிருந்தது. கடைக்காரனின் சாமான் எண் என்று நினைத்து அதை விட்டுவிட்டேன்.

பதினைந்து அங்குலம் வரவேண்டிய கூடு ஏழரை அங்குலத்தில் வந்தது. சொந்தக்காரர் எல்லாரும் கூடியிருக்கையில் சக்கரத்தைப் பூட்டினோம், அது ஜன்னலை மறைத்தது. “அத்தான், இது பஸ்ஸா, சக்கரத்துக்கு வச்ச வெத்தலைச் செல்லப்பெட்டியா?” என்று மாமா சிரித்தான். நான் உடனே, தப்புச் சக்கரத்தை அனுப்பிவிட்டான், அவன் எப்போதும் இப்படித்தான் என்று உன்மேல் போட்டேன். “சின்னதுக்கே சக்கரம் தெரியாதவன் பெரிசை எங்க ஓட்டப் போறான்?” என்று சொல்லி, மாமா நாகர்கோவிலில் வேறு ஆளைத் தேடுகிறான்.

மறுநாள் விட்டுப்போன உளியை எடுக்க வந்த ஆசாரி மூடியைப் பார்த்து விரல் விட்டு எண்ணினான். “ஏமானே, பிள்ளை அனுப்பினதும் சரியாக்கும், நான் செஞ்சதும் சரியாக்கும். இடையில நின்னது ஆரு?” என்றான். அம்மை கேட்டுக்கொண்டு நின்றாள்.

இனிப் பெட்டி வாங்கினால் அதன் பருமனைப் பார்த்து மயங்காதே, கீழ் எண் பெருகினால் வண்டி சிறுகும், இரண்டு இடத்துச் சாமானைச் சேர்த்தால் இரண்டிலும் ஒரே எண் இருக்கவேண்டும். இது உனக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

கல்யாணப் பந்தலிலேயே என்னைக் குமாஸ்தா அத்தான் என்று கூப்பிட்டுச் சிரித்தவன் உன் மாமா. அவன் முன்னால் போய் நின்று தப்பு என்னுடையது என்று சொல்ல என் கால் எழவில்லை. நீயே இந்தக் கடிதத்தை அவனுக்கு அனுப்பு, ஆளை உறுதி செய்வதற்குள் கிடைக்கவேண்டும், தாமதிக்காதே. நீ நன்றாக இருக்கவேண்டும், ஊர் வந்து சேரவேண்டும். என் கையெழுத்து அவனுக்குத் தெரியும், பார்த்ததும் புரிந்துகொள்வான். கீழே என் பெயரையும் எழுதிக் கொடுத்து அவன் வீடு வீடாகக் காட்டிச் சிரிக்க விடமாட்டேன். கையொப்பம் இடாமலே தபாலில் சேர்க்கிறேன்.