இடது கையில் ஐந்து மோதிரம்

ஜூன் 11, 2025, புதன்

சங்கரா மீன் குழம்பு. வழக்கம்போல ஃப்ரெடியின் தட்டில் முள் எடுத்து வைத்தேன். எண்ணூர் பக்கத்து யார்டில் கண்டெய்னர் இறக்கும்போது அவர் வலது கை மணிக்கட்டோடு போனது. அன்றிலிருந்து மூன்று வருஷமாக இது என் வேலை. நான் முள் எடுத்த மீனை அவர் இடது கையால் எடுத்துச் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் கீர்த்தி வந்துவிட்டாள். திருவொற்றியூர் பயிற்சி மையத்துப் பெண், கை கால் இழந்தவர்களுக்கு வேலை பழக்குகிறவள். வயது இருபத்தாறு இருக்கலாம். கொண்டுவந்த பெட்டிக்குள் ஒரே பட்டையில் கோத்த ஐந்து வளையங்கள், விரலுக்கு ஒன்று. மாட்டிக்கொண்டு மேசையிலோ தொடையிலோ தட்டினால் போனில் எழுத்து விழுகிறது. கட்டை விரல் மட்டும் தட்டினால் ஒரு எழுத்து, சுண்டு விரல் மட்டும் தட்டினால் வேறொன்று, இரண்டு மூன்று விரல் சேர்ந்தால் மற்றவை. எல்லாம் இங்கிலீஷ் எழுத்துதான். அதிலேயே தமிழை அடித்துக்கொள்ள வேண்டும். கையை ஆட்டியே டிவியை நிறுத்தலாம், ஓட்டலாம் என்றும் காட்டினாள்.

"அண்ணா, அந்த மோதிரத்தக் கழட்டிடுங்க. வளையம் உக்காராது."

எங்கள் கல்யாண மோதிரம். பதினாலு வருஷமாக அசையாதது. சோப்பு போட்டு அவள்தான் இழுத்தாள். நான் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 12, வியாழன்

மோதிரத்தை என் சங்கிலியில் கோத்துக்கொண்டேன். அவர் கவனிக்கவே இல்லை.

ஜூன் 19, வியாழன்

டக், டக், டக். ஒரு வாரமாக மேசையில் இதே சத்தம். நான் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் எட்டு மணி நேரம் தட்டிவிட்டு வருகிறேன், வீட்டிலும் தட்டலா?

மூன்று வருஷமாக இந்த வீட்டில் தட்டியது நான் மட்டும்தான். ஒரே கையில் போனைப் பிடித்துக்கொண்டு அதே கையால் அடிக்க ஃப்ரெடிக்கு வராது, நழுவும், கோபம் வரும். வாய்ஸ் மெசேஜ் போடவும் பிடிக்காது. "தெருவே கேக்கும்" என்பார். அதனால் அவர் சொல்ல, நான் அடிப்பேன். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள், பத்து விரலும் பறக்கும். அவர் பேச்சை நான் கொஞ்சம் இஸ்திரி போட்டு அனுப்புவேன், அவருக்குத் தெரியாமல். மஸ்கட்டில் இருக்கும் தம்பி ஜெரிக்கு "டேய் கஸ்மாலம், துட்டு அனுப்பாட்டி போவுது, பேசவாவது செய்" என்று சொன்னார். "ஜெரி, பணம் முக்கியமில்லை, உன் குரலைக் கேட்க வேண்டும்" என்று போட்டேன். ஜெரி அழுதுகொண்டே போன் பண்ணினான். யாருடைய கெட்டிக்காரத்தனம் அது?

இனிமேல் தேவைப்பட மாட்டேன் போலிருக்கிறது. ஒரு பட்டையும் ஐந்து வளையமும் என் வேலையைப் பிடுங்கிக்கொண்டன.

ஜூன் 28, சனி

ஃப்ரெடி தானாக முதல் மெசேஜ் அனுப்பினார். இருபது நிமிஷம் ஆனது. நாக்கைக் கடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து. எனக்குத்தான் என்று நினைத்து என் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"யாருக்கு?"

"தோஸ்துக்கு."

"எந்த தோஸ்து?"

போனைக் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரவு தோசை வேண்டாம் என்றார்.

முதல் மெசேஜ் அவளுக்குத்தானே? வேறு யாருக்கு? சொல்லிக்கொடுத்தவளுக்கு நன்றி சொல்ல வேண்டாமா! பதினாலு வருஷம் உடன் இருந்தவளுக்கு எதற்கு?

ஜூலை 2, புதன்

நான்கு நாளாக என்னிடம் அளந்து பேசுகிறார். டைரியிலாவது ஒன்றை எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் ஏப்ரலில் மனோகரன் ஒரு மெசேஜ் போட்டிருந்தார். யார்டு சூப்பர்வைசர், ஃப்ரெடியோடு சின்ன வயதிலிருந்து ஒன்றாகச் சுற்றியவர். கேட் ரூமில் உட்கார்ந்து கேமராவில் லாரி நம்பர் பார்க்கிற வேலை காலியாகிறது, வர்றியா மாமு என்று. ஃப்ரெடி குதித்தார். "நாளைக்கே வரேன்னு போடு. ஒத்தக் கையால இன்னா முடியுமோ அத்த செய்றேன்னு போடு."

நான் போட்டது இது: "உடம்பு சரியில்லை. வேலைக்கு வரும் எண்ணம் இல்லை. இனி இதைப் பற்றிக் கேட்க வேண்டாம்."

அனுப்பிவிட்டு ஃப்ரெடியின் போனிலிருந்து அழித்துவிட்டேன். மனோகரன் பதில் போடவில்லை. ஃப்ரெடி பத்து நாள் காத்திருந்தார். நீயே கூப்பிடேன் என்று ஒப்புக்குச் சொன்னேன். "பிச்சை கேக்கச் சொல்றியா?" என்றார். அன்றிலிருந்து மனோகரன் பெயரை எடுத்தாலே நாய் என்றுதான் பேச்சு.

கையைத் தின்ற இடத்துக்கு மறுபடியும் எப்படி அனுப்புவேன்? பயந்தேன். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

ஜூலை 9, புதன்

கீர்த்தி வந்து இரண்டு மணி நேரம் இருந்தாள். அண்ணா, விரல லூசா விடுங்க. அண்ணா, மணிக்கட்ட தூக்காதீங்க. அண்ணா என்று கூப்பிட்டால் நாம் சந்தேகப்படக் கூடாதாம். அவர் கையைத் தன் கைமேல் வைத்துத் தட்டிக் காட்டுகிறாள். அந்தக் கைக்கு நகம் வெட்டுகிறவள் நான். அதற்குச் சட்டைப் பொத்தான் போடப் பழக்கியவள் நான்.

அவள் போனதும், பெட்டியோடு வந்த எழுத்து அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். எந்த எழுத்துக்கு எந்த விரல் என்று எல்லாம் அதில் இருக்கிறது. போனைக் கவிழ்த்து வைக்கலாம், விரலைக் கவிழ்த்து வைக்க முடியுமா?

ஜூலை 15, செவ்வாய்

ஆபீசில் மேசைக்கு அடியில் பழகுகிறேன். கோதண்டம் சார் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, கை நடுங்குது? சுகர் கீதா?" என்றார். ஆமாம் சார் என்றேன். நாளையிலிருந்து சர்க்கரை இல்லாத டீ வருமாம்.

அடிப்பது சுலபமாகத்தான் இருக்கிறது. ஃப்ரெடி ஒரு மாதத்தில் படித்ததை நான் ஐந்து நாளில் படித்துவிட்டேன். இதையும் யாரிடமும் பீற்றிக்கொள்ள முடியாது.

ஜூலை 20, ஞாயிறு

சர்ச் பூசையில் சாமியார் பிரசங்கம். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், என் புருஷனைத் தவிர. பாக்கெட்டில் போன், கையில் வளையம், தொடையில் விரல். நான் தலைகுனிந்து பக்தியாக இருப்பதுபோல அந்த விரல்களையே பார்த்தேன்.

கீர்த்தி. முதல் வார்த்தையே அதுதான்.

அப்புறம் நாலைந்து எழுத்து விட்டுப்போனது. கடைசியில் தெளிவாக வந்தது: ஆன்சிக்குத் தெரிய வேணாம்.

நற்கருணை வாங்கப் போகவில்லை. கால் வலிக்கிறது என்றேன்.

ஜூலை 21, திங்கள்

எனக்குத் தெரிய வேணாமா? இன்னாய்யா தெரிய வேணாம்? முள்ளு எடுத்துக் குடுத்து, முதுகு தேச்சி விட்டு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சவளுக்குத் தெரியக் கூடாதது இன்னா கீது உனக்கு?

ஆபீசுக்கு லீவு போட்டு ரயிலேறி நேராகத் திருவொற்றியூர் போனேன். சண்டை போடத்தான். கீர்த்தி ஒரு வயதானவருக்குச் செயற்கைக் காலை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வெளுத்துவிட்டாள்.

"எத்த எங்கிட்ட மறைக்கிறீங்க ரெண்டு பேரும்?"

"அய்யோ அக்கா, யார்டு டெஸ்ட்டுதான் கா. பழைய யார்டுலயே கேட் ரூமுக்கு ஆள் எடுக்கறாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா போக விட மாட்டீங்கன்னு அண்ணா சொன்னாரு. வேற ஒண்ணும் இல்ல கா, சத்தியமா."

இவ்வளவுதானா என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டேன். அவளே தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். வெட்கமாக இருந்தது.

ரயிலில் திரும்பும்போதுதான் உறைத்தது. அந்த யார்டில் மனோகரன் இருக்கிறார். நேரில் பார்த்தால் ஃப்ரெடி சட்டையைப் பிடிப்பார், மனோகரன் போனை எடுத்துக் காட்டுவார். ஃப்ரெடி போனில்தானே அழித்தேன்? மனோகரன் போனில் அப்படியே இருக்குமே!

ஆகஸ்ட் 6, புதன்

மீனில் முள் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒன்று தொண்டையில் மாட்டியது. சோற்று உருண்டை கொடுத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படி ஒரு பொம்பளை!

ஆகஸ்ட் 14, வியாழன்

டெஸ்ட் அடுத்த வெள்ளிக்கிழமை. அவரே சொன்னார். "நீயே வண்டில கூட்டினு போறியா?" என்றார். சரி என்றேன். அப்புறமும் என் முகத்தையே பார்த்தார். நான் வேறென்னவோ சொல்ல வேண்டும் என்பதுபோல.

ஜூலை இரண்டாம் தேதி எழுதியதைத் திருப்பிப் படித்தேன். பயம் என்று எழுதியிருக்கிறேன். பாதிதான் அது. கை போன பிறகு அவர் முழுதாக எனக்கே கிடைத்தார். அதற்கு முன்னால் யார்டு, பந்தாட்டம், தோஸ்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான். அந்த யார்டு கீர்த்தியைவிடப் பெரிய சக்களத்தி. கீர்த்தி கையைத்தான் பிடித்தாள், யார்டு ஆளையே பிடித்துவைத்திருந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பாஸ். நாற்பது லாரி நம்பரில் ஒரு தப்பும் இல்லையாம்.

நான் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரோடு நின்றேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். அவர் தோளில் மனோகரன் கை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு. நாய் என்று ஒரு வருஷம் திட்டிய அதே மனோகரன். என்னைப் பார்த்ததும் மனோகரன் சிரிப்பை அடக்கி, "நல்லா கீறியாம்மா?" என்றார். தலையாட்டினேன்.

ஃப்ரெடிக்குத் தெரியும்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து, எப்போதும்போல இடது கையை என் தோளில் வைத்துக்கொண்டார். வளையம் மாட்டவில்லை, வெறும் விரல். எர்ணாவூர் தாண்டும்போது அந்த விரல்கள் அசைய ஆரம்பித்தன. பழக்கம் போல, தனக்குத்தானே. கட்டை விரல் முதுகுப் பக்கம், மற்ற நாலும் முன்பக்கம். லாரிகளுக்கு நடுவில் ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன்.

இன்னிக்காவது சொல்லுவாளா.

திரும்பவும் அதே. இன்னிக்காவது சொல்லுவாளா.

வீடு வந்து சேர்ந்தோம். பால் வாங்க வேண்டும் என்று கடைக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வாயால் சொல்ல வரவே வராது என்று புரிந்துவிட்டது. பிரசங்கம் நடக்கும்போது அவர் வலது முழங்கையருகே என் கையை வைத்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். அந்த மெசேஜ் போட்டது நான்தான். அவர் திரும்பவில்லை. ஒருவேளை புரியவில்லையோ என்று மறுபடியும் முதலிலிருந்து தட்டினேன்.

வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் நின்றோம்.

"எப்போ கத்துக்கினே?"

"ஜூலைல. உன்ன வேவு பாக்கத்தான்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "மொத மெசேஜே மனோகரனுக்குத்தான் போட்டேன் ஆன்சி. வாய்க்கு வந்தபடி திட்டி. அவன் ஒண்ணும் பேசல, நீ போட்டத போட்டோ புடிச்சி அனுப்சான். ரெண்டு மாசமா காத்துகினு கீறேன், நீயா சொல்லுவேன்னு. ஒரு வருசம் அவன நாயின்னு திட்ட வெச்சிட்டியேடி."

அழுதேன். சமாதானப்படுத்தவில்லை. நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். நான் வண்டியை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பேச்சில்லை. கீர்த்தியிடமிருந்து அவருக்கு வாழ்த்து வந்திருந்தது, ஒரு இதயப் படத்தோடு. வேலை கிடைத்ததற்கு இதயம் எதற்கு? கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

செப்டம்பர் 3, புதன்

வேலைக்குப் போய் மூன்று நாள் ஆகிறது. சாயங்காலம் வந்து கை கால் கழுவிவிட்டு, மேசையில் உட்கார்ந்து வளையத்தை மாட்டிக்கொண்டார்.

"மனோகரனுக்கு நீ ஒரு வார்த்த சொல்லணும். நீ சொல்லு, நான் அடிக்கிறேன்."

என் பத்து விரலையும் மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். சொன்னேன்: "மனோகரன் அண்ணா, போன வருசம் அந்த மெசேஜ் நான் போட்டது. தெரியாம செஞ்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் தட்டினார். நான் விரல்களைப் பார்த்தேன். மனோகரன் அண்ணா என்பது சரியாக வந்தது. தெரியாம என்று சொன்ன இடத்தில் அந்த விரல்கள் தட்டியது வேறு. பயந்து. பயந்து செஞ்சிட்டேன்.

மூன்று வருஷம் நான் அவர் பேச்சுக்குப் போட்ட இஸ்திரி. இன்று எனக்கு அவர் போடுகிறார். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அப்படியே அனுப்பியிருக்கலாம். அழகாக இருந்தது.

"இரு. இன்னும் ஒரு வரி கீது."

"சொல்லு."

"அவரு வூட்டோட, எனக்கே எனக்குன்னு இருந்தது புட்ச்சிருந்துச்சி. அதுக்காவவும்தான் செஞ்சேன்."

பிறகு தட்டினார், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. கடைசிவரை பார்த்தேன். இந்த முறை எதையும் மாற்றவில்லை.